ஃபெர்குசன் டிராக்டர், 1:32 – அளவெல்லாம் சரி, ஆனாலும் பொம்மையாகவே தெரிகிறது

குட்டிப்பட்டறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எட்டு மாத உழைப்புக்குப் பிறகு ஒரு குழப்பத்தோடு வந்திருக்கிறேன். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் பேனர் லேன் தொழிற்சாலையில் 1946 முதல் 1956 வரை தயாராகி, 5 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் வெளிவந்த டிஇ20 என்னும் சாம்பல் நிற ஃபெர்குசன் டிராக்டரை, வெள்ளை உலோக வார்ப்புப் பாகங்களைக் கொண்டு 1:32 அளவில் கட்டி முடித்துவிட்டேன். அதன் பின்னால் இரட்டைக் கொழுக் கலப்பையும் உண்டு. அசல் வண்டியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 70 அங்குலம், அதாவது 1,778 மில்லிமீட்டர். முப்பத்திரண்டால் வகுத்தால் 55.6 வர வேண்டும். என் வண்டியில் வெர்னியர் அளவுகோல் 55.5 காட்டுகிறது. வார்ப்புக் கோடுகள் அனைத்தையும் அரத்தால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, பள்ளங்களுக்குப் பட்டி பார்த்து, பிரைமர் இரண்டு கை, சாம்பல் வண்ணம் மூன்று கை அடித்தேன். பாகங்களை அரால்டைட்டால் ஒட்டினேன். கலப்பையை இணைக்கும் கம்பிகளை மட்டும் 70 பாகை செல்சியஸில் உருகும் தாழ்வெப்ப ஈயத்தால் (சால்டரால்) பற்றவைத்தேன்.

1950ஆம் ஆண்டின் இலையுதிர்காலம், கோதுமை அறுவடை முடிந்த வயலில் உழவு நடக்கிறது என்பது காட்சி. 40 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் கொண்ட பலகையில் தெர்மாகோல் ஒட்டி, ஆறு உழவு சால்கள் செதுக்கி, சலித்த மண் தூவியிருக்கிறேன்.

என் மனைவி பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறது, வரும் நவராத்திரிக்குக் கொலுவில் வைத்துவிடலாம்" என்றார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார், எனக்குத்தான் சுருக்கென்றது. ஏனெனில் அவர் சொன்னது உண்மை. அளவில் எந்தப் பிழையும் இல்லாத வண்டி, பலகையில் வைத்தவுடன் பொம்மையாகிவிடுகிறது. எங்கே தவறினேன் என்பதை நான்கு கோணங்களில் எடுத்த படங்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.

உப்புத்தாள் எழுதியது:

கொலுவைக் குறைவாக எண்ண வேண்டாம். கடுகும் கேழ்வரகும் முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி அமைத்த கொலுப் பூங்காதான் நம்மில் பலருக்கு முதல் டயோராமா, அதாவது முதல் குறுங்காட்சி.

இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன். முதலில் கண்ணில் படுவது பளபளப்பு. அசல் வண்டியை நாம் பத்தடி, இருபதடி தள்ளி நின்று பார்க்கிறோம்; அந்தத் தொலைவில் நிறம் சற்று வெளிறி, ஒளி சிதறித் தெரியும். மாதிரியைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கும்போதும் கண் அந்த வெளிறலை எதிர்பார்க்கிறது. ஆகையால் அசல் நிறத்தையே கலந்து அடித்தால் மாதிரியில் கனத்து நிற்கும். உங்கள் சாம்பலில் பத்தில் ஒரு பங்கு வெள்ளை சேர்த்து ஒரு மெல்லிய கை அடித்து, மேலே மங்கல் வார்னிஷ் கொடுங்கள். மழைக்காலத்தில் சென்னையில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். காற்றின் ஈரம் பூச்சுக்குள் சிக்கி வெண்படலம் போட்டுவிடும். காலை பதினொரு மணிக்கு மேல், வெயிலும் வறட்சியும் உள்ள நாளாகப் பாருங்கள்.

அடுத்தது டயர்கள். ஒரு டன்னுக்கும் மேல் எடையுள்ள வண்டி மண்ணில் நிற்கும்போது டயரின் அடிப்பகுதி சற்றுத் தட்டையாகும், மண்ணும் சற்று அமுங்கும். உங்கள் டயர்கள் முழு வட்டமாக, நிலத்தை ஒரு புள்ளியில் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. பின் டயரின் அடியில் ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்துக்கு அரத்தால் தட்டையாக்கினாலே பாதி வித்தியாசம் தெரியும்.

ஆனால் இவை சில்லறைக் குறைகள். நீங்கள் எழுதியதை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். வண்டியைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதினீர்கள், நிலத்தைப் பற்றி ஒற்றை வரி. பலகையிலும் அதே விகிதம்தான் தெரிகிறது.

செம்பியத்தான் எழுதியது:

நான் மாதிரி செய்பவன் அல்லன். நாற்பது ஆண்டுகள் டிராக்டர் மெக்கானிக்காக இருந்தவன். பேரன் காட்டியதால் இந்த இழையைப் படித்தேன். தம்பி, உங்கள் வண்டி உழவில்லை, சாலையில் நிற்கிறது.

படத்தில் வண்டியின் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. மண்ணைப் புரட்டிப் போடும் இறக்கைக் கலப்பையைக் கட்டி உழும்போது, டிராக்டரின் வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டும், முன்னதும் பின்னதும், முந்தைய சுற்றில் திறந்த சாலுக்குள் ஓடும். இடப்பக்கச் சக்கரங்கள் உழாத நிலத்தின் மேல் ஓடும். ஆகவே வண்டி வலப்பக்கம் சாய்ந்துதான் போகும். சாலின் ஆழம் 6 அங்குலம், இரு பின்சக்கரங்களுக்கும் இடையே 52 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், சாய்வு ஏறத்தாழ ஆறரைப் பாகை வரும். உங்கள் அளவில் வலச் சக்கரம் இடச் சக்கரத்தைவிட 4.8 மில்லிமீட்டர் தாழ நிற்க வேண்டும். உழவு பார்த்தவன் எவனுக்கும் அந்தச் சாய்வு கண்ணிலேயே இருக்கும். இல்லாவிட்டால், ஏன் என்று சொல்லத் தெரியாமலே ஏதோ பொய் என்று தோன்றும்.

இன்னொன்று. டிராக்டர் சாயலாம், கலப்பை சாயக் கூடாது. அது நிலத்துக்கு மட்டமாக இருந்தால்தான் இரண்டு கொழுவும் ஒரே ஆழத்தில் இறங்கும். அதற்காகவே வலப்பக்கத் தூக்குக் கம்பியில் கையால் சுழற்றிச் சரிசெய்யும் அமைப்பு இருக்கிறது. வலக்கம்பி இடக்கம்பியைவிடச் சற்றுக் குட்டையாக இருக்க வேண்டும். நீங்கள் இரண்டையும் ஒரே நீளத்தில் பற்றவைத்திருக்கிறீர்கள்.

கலப்பையின் பக்கவாட்டில் ஒரு சிறு சக்கரமும் பொருத்தியிருக்கிறீர்கள். எதற்கு? இந்த டிராக்டரை உருவாக்கிய ஹாரி ஃபெர்குசன் செய்த வேலையின் சிறப்பே அந்தச் சக்கரத்தைத் தேவையற்றதாக்கியதுதான். மூன்று முனை இணைப்பில் கீழ்க்கம்பிகள் இரண்டும் கலப்பையை இழுக்கின்றன. மேல்கம்பி கலப்பையின் உந்துதலை வாங்குகிறது. மண் கடினமாகி இழுவை கூடினால் மேல்கம்பியின் அழுத்தம் கூடும். அதை உணர்ந்து ஹைட்ராலிக் அமைப்பு கலப்பையைத் தானே சிறிது தூக்கும், இழுவை குறைந்தால் இறக்கும். கலப்பையின் பாரமும் பின்சக்கரங்களுக்கு வந்து சேர்வதால், எடை குறைந்த வண்டியும் வழுக்காமல் உழுதது. நீங்கள் பொருத்தியது உழும் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் ஆழச் சக்கரம்; அது வேறு வகைக் கலப்பைக்கு உரியது.

பனிவயல் எழுதியது:

ஐயா சொன்னது அத்தனையும் சரி. நான் இங்கிலாந்தின் வார்விக்‌ஷயரில் வசிக்கிறேன். இங்கே இலையுதிர்காலத்தில் நடக்கும் பழைய டிராக்டர் உழவுப் போட்டிகளைப் பார்க்க ஆண்டுதோறும் போவதுண்டு. சாம்பல் ஃபெர்குசன்கள் வரிசையாக வலப்பக்கம் தோளைச் சாய்த்தபடி போவது தொலைவிலிருந்தே தெரியும். ஒரே விலக்கு, வயலைத் திறக்கும் முதல் ஓட்டம். அப்போது சால் எதுவும் இல்லை என்பதால் வண்டி மட்டமாகத்தான் போகும். குட்டிப்பட்டறை விரும்பினால் "இது முதல் ஓட்டம்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் பக்கத்தில் ஏற்கெனவே ஆறு சால் இருக்கிறதே!

அந்த ஆறு சால்களில்தான் எனக்குப் பெரிய கேள்வி. நீங்கள் செதுக்கியிருப்பது நம் தோட்டத்து வாய்க்கால் பாத்தியைப் போல, ஒரு பள்ளம், ஒரு மேடு, மீண்டும் ஒரு பள்ளம். இறக்கைக் கலப்பை அப்படி உழுவதில்லை. அது மண்ணை நீண்ட பட்டையாக அறுத்து, வலப்பக்கம் புரட்டி, முந்தைய சாலுக்குள் சாய்த்துப் போடும். எனவே உழுத பகுதி முழுவதும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த பட்டைகளாக, ஓடு வேய்ந்த கூரையைப் போல இருக்கும். திறந்த நிலையில் இருப்பது கடைசிச் சால் ஒன்றே; அடுத்த சுற்றில் வலச் சக்கரங்கள் ஓடுவது அதில்தான். 10 அங்குலக் கலப்பை என்றால் பட்டை ஒவ்வொன்றும் உங்கள் அளவில் 7.9 மில்லிமீட்டர் அகலம். ஓட்டுநருக்கு வலப்பக்கம் உழுத நிலம், இடப்பக்கம் அறுவடையில் மிஞ்சிய கோதுமைத் தாள் நிற்கும் நிலம். இது மாறவே கூடாது.

டயர்த் தடத்தையும் கவனியுங்கள். பின்னால் நின்று பார்த்தால் பின் டயரின் அம்புக்குறி வடிவப் பற்களின் முனை மேல்நோக்கி இருக்க வேண்டும். உங்களுடையது சரியாக இருக்கிறது. ஆனால் மண்ணில் நீங்கள் பதித்த தடத்தில் முனை வண்டி போகும் திசையைக் காட்டுகிறது. பற்களின் நடுமுனைதான் முதலில் மண்ணைத் தொடும் என்பதால், தடத்தின் முனை வண்டி வந்த திசையையே காட்டும். தடத்தைப் படிக்கத் தெரிந்தவர் உங்கள் டிராக்டர் பின்னோக்கி உழுவதாகச் சொல்லிவிடுவார்.

குட்டிப்பட்டறை எழுதியது:

பின்னோக்கி உழுத பெருமை எனக்கு மட்டுமே இருக்கும் போலிருக்கிறது. முதல் நாள் சற்று வருத்தமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. எட்டு மாதம் வண்டியின் ஒவ்வொரு திருகாணிக்கும் படம் தேடியவன், அது செய்யும் வேலைக்கு ஒரு படம்கூடத் தேடவில்லை. முன் டயர் 4 அங்குல அகலம் என்பதால் என் வண்டியில் 3.2 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன். அது எங்கே ஓடும் என்று கேட்கத் தோன்றவில்லை.

இப்போது சிக்கல் இதுதான். நான்கு சக்கரங்களிலும் கம்பி செருகி அரால்டைட்டால் பலகையோடு ஒட்டிவிட்டேன். வண்டியை எடுப்பது எப்படி? சாய்வுக்காக முன் அச்சைத் திருப்ப வேண்டுமா? தூக்குக் கம்பியை எப்படிப் பிரிப்பது? சூடு காட்டப் பயமாக இருக்கிறது.

உப்புத்தாள் எழுதியது:

நிலத்தைத்தானே மறுபடி செய்யப்போகிறீர்கள்? அப்படியிருக்க வண்டியை ஏன் நிலத்திலிருந்து கழற்ற வேண்டும்? நிலத்தை வண்டியிலிருந்து அறுத்து எடுங்கள். சக்கரத்தைச் சுற்றித் தெர்மாகோலைக் கத்தியால் வெட்டி, கம்பிகளை அடியிலிருந்து நறுக்கிவிட்டால் வேலை முடிந்தது.

முன் அச்சைத் தொட வேண்டாம். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே சாலில் ஓடுவதால் வண்டி முழுவதும் ஒரே பலகையாகச் சாய்கிறது. முறுக்கம் எதுவும் இல்லை. மேடு பள்ளமான வழியில் நிற்கும் வண்டிக்குத்தான் நடுவில் சுழலும் முன் அச்சைத் தனியாகச் சாய்க்க வேண்டியிருக்கும்.

தூக்குக் கம்பியை 70 பாகை ஈயத்தால் பற்றவைத்தது உங்கள் அதிர்ஷ்டம். வெள்ளை உலோகம் என்பது வெள்ளீயத்தை அடிப்படையாகக் கொண்டு ஆன்டிமனி, பிஸ்மத் போன்றவை சேர்த்த கலவை. பழைய வார்ப்புகளில் காரீயமும் இருக்கும். அது உருகும் வெப்பம் கொதிநீரைவிட மிக அதிகம், ஆனால் சாதாரண சால்டரிங் இரும்பின் வெப்பத்தைவிடக் குறைவு. அதனால்தான் கவனமில்லாமல் இரும்பை வைத்தால், ஈயம் உருகுவதற்குப் பதில் பாகமே உருகிச் சொட்டிவிடும். நான் இப்படி ஒரு முழு ரேடியேட்டரை இழந்திருக்கிறேன். 70 பாகை இணைப்பைப் பிரிக்க இரும்பே வேண்டாம். நன்கு கொதித்த நீரில் வண்டியின் வால்பகுதியை மட்டும் அரை நிமிடம் அமிழ்த்தினால் இணைப்பு தானே விட்டுவிடும். வெந்நீர் அரால்டைட்டையும் இளக்கும் என்பதால் மற்ற இடங்களில் நீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீண்டும் பற்றவைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். தாழ்வெப்ப ஈயங்கள் பலவற்றில் காரீயத்தோடு காட்மியமும் உண்டு. அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. பற்றவைக்க உதவும் அமிலப் பசையை (ஃப்ளக்ஸ்) பயன்படுத்தினால் உடனே கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து வண்ணத்துக்கு அடியில் பச்சையோ வெள்ளையோ பூக்கும்.

நிலத்துக்கு என் முறை இது. காற்றில் உலரும் களிமண்ணை 5 மில்லிமீட்டர் தடிப்புக்குத் தேய்த்து, 8 மில்லிமீட்டர் பட்டைகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் 45 பாகை அளவுக்குச் சாய்த்து, முந்தையதன்மேல் சாய வைத்து ஒட்டுங்கள். கொழுவும் இறக்கையும் உரசிப்போகும் முகம் வழவழப்பாக இருக்கும். அதை ஈர விரலால் ஒருமுறை நீவி விடுங்கள், உடைந்த விளிம்பைக் கிள்ளி விடுங்கள். மேலே தூவும் மண்ணைச் சலித்து, அடுப்பில் ஒரு மணி நேரம் சூடாக்கினால் பூச்சியும் பூஞ்சையும் சாகும். ஃபெவிகாலைச் சம அளவு நீரில் கரைத்து, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, சொட்டுக் குழாயால் விடுங்கள். அந்தத் திரவம் இல்லாவிட்டால் பசை மண்ணில் இறங்காமல் முத்து முத்தாக உருண்டு நிற்கும். இடப்பக்கத் தாளுக்குப் பழைய பெயின்ட் பிரஷ்ஷின் மயிரை 5 முதல் 6 மில்லிமீட்டராக நறுக்கி வரிசையாக நடுங்கள். தெர்மாகோலின்மேல் ஸ்ப்ரே வண்ணம் நேரடியாகப் படக் கூடாது. கரைந்து குழி விழும்.

சக்கரத்தில் ஒட்டிய மண்ணும் நிலத்தின் மண்ணும் ஒரே டப்பாவிலிருந்து வர வேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

காவிரிக்கரை எழுதியது:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு சிரமப்பட்டு இங்கிலாந்தின் வயலைக் கட்டுவதற்குப் பதில், நம் நெல் வயலைக் கட்டினால் பார்த்த அனுபவம் துணைக்கு வருமே? நான் தஞ்சாவூர்ப் பக்கம். எங்கள் வயலில் டிராக்டர் கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிக்கொண்டு சேறடிக்கும். அந்தக் காட்சியை 1:32இல் செய்து வருகிறேன். அங்கே சாலும் இல்லை, இந்தச் சாய்வும் இல்லை. சக்கரக் கம்பிகளில் சேறு தொங்குவதும், தண்ணீர் எங்கே தேங்கும், எங்கே மண் தலைகாட்டும் என்பதும்தான் சவால். எபாக்ஸியை ஒரே தடவையில் தடிமனாக ஊற்றினால் சூடேறி மஞ்சளாகி விரிசல் விடுகிறது. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காக ஊற்றுகிறேன்.

செம்பியத்தான் எழுதியது:

இரண்டும் அவ்வளவு தூரமான வயல்கள் அல்ல. 1953இல் ஃபெர்குசன் நிறுவனம் மாஸி-ஹாரிஸ் என்னும் கனடாவின் பண்ணை இயந்திர நிறுவனத்தோடு இணைந்தது. சாம்பல் வண்டிக்கு அடுத்து 1956இல் 35 என்ற வண்டி வந்தது. 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களை இங்கேயே தயாரித்தது. காவிரிக்கரை அவர்கள் சேற்றில் விட்டிருக்கும் வண்டி மாஸியாக இருந்தால், அதன் பின்னால் இருப்பதும் அதே மூன்று முனை இணைப்புதான். தம்பி எந்த ஊர் வயலையாவது கட்டட்டும். அந்த ஊரில் அந்த வேலை எப்படி நடக்கும் என்று பார்த்துக் கட்டினால் போதும்.

குட்டிப்பட்டறை எழுதியது:

காவிரிக்கரை கேட்டது நியாயமான கேள்வி. என் பதில் எளிது: கையில் கிடைத்த வார்ப்புப் பெட்டியில் சாம்பல் ஃபெர்குசன்தான் இருந்தது, அதற்கு உரிய வயலில் அதை நிறுத்த விரும்பினேன். அடுத்தது 35, அதற்கு உங்கள் சேற்றைக் கடன் கேட்பேன்.

வேறொரு சந்தேகம். வேலியோரம் நிறுத்த, சேகரிப்பாளர் ஒருவரிடமிருந்து பிரிட்டன்ஸ் என்னும் இங்கிலாந்துப் பொம்மை நிறுவனத்தின் பழைய பண்ணை விலங்குகள் நான்கை வாங்கினேன். உள்ளீடற்ற காரீய வார்ப்புகள். ஒரு மாட்டின் காலில் வெள்ளைத் தூள் படிந்திருக்கிறது. துடைத்தாலும் திரும்ப வருகிறது.

உப்புத்தாள் எழுதியது:

அது காரீய நோய். பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893இல் உள்ளீடற்ற வார்ப்பு முறையைக் கொண்டுவந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு போர்வீரர்களோடு பண்ணை விலங்குகளையும் வார்த்தது. நாம் இன்று பண்ணை மாதிரிகளுக்கு 1:32 என்ற அளவைப் பிடித்துக்கொண்டிருப்பதில் அவர்களுடைய 54 மில்லிமீட்டர் உருவங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. காரீயத்துக்குப் பகை அசெட்டிக் அமில ஆவி. ஓக் மரப் பெட்டியிலிருந்தும், சிலவகைப் பலகைகளிலிருந்தும் அது கசியும். கண்ணாடிப் பெட்டியின் ஓரத்தை அடைக்க, உலரும்போது வினிகர் வாசம் வரும் சிலிக்கோனைப் பயன்படுத்தினீர்களா? அப்படியானால் காரணம் அதுதான். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு வாசமற்ற வகையைப் போடுங்கள், பெட்டியில் இரண்டு காற்றுத் துளைகள் விடுங்கள். அந்தத் தூளை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிப் பறக்கவிடாதீர்கள், ஈரத் துணியால் எடுத்துவிட்டுக் கையைக் கழுவுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது. உங்கள் டிராக்டரிலும் காரீயம் இருக்கக்கூடும் என்பதால் அதற்கும் இதே காவல் பொருந்தும்.

அச்சுவார்ப்பு (டை-காஸ்ட்) பொம்மை வண்டிகளுக்கு வரும் நோய் வேறு. அவை துத்தநாகக் கலவை. கலவையில் காரீயம் போன்ற மாசு கலந்துவிட்டால் உள்ளிருந்தே விரிசல் விட்டு நொறுங்கும். அதற்கு மருந்து கிடையாது.

பனிவயல் எழுதியது:

மாடுகளை வேலிக்கு அப்பால் நிறுத்திவிட்டு, சாலுக்குப் பின்னால் சில கடற்காக்கைகளை இறக்குங்கள். உழவு நடக்கும் இடத்தில் புழு தேடிக் கூட்டமாக வரும். கருந்தலைக் கடற்காக்கை உங்கள் அளவில் 12 மில்லிமீட்டர்தான் இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாந்து தலைக்குக் கருமை பூசிவிட வேண்டாம். இலையுதிர்காலத்தில் அதன் தலை வெள்ளையாகிவிடும், கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி மட்டும் மிஞ்சும்.

குட்டிப்பட்டறை எழுதியது:

ஏழு வாரம் கழித்துத் திரும்புகிறேன். சிலிக்கோன்தான் காரணம், மாற்றிவிட்டேன். நிலத்தை முழுவதும் அறுத்தெடுத்துப் பட்டை பட்டையாக மறுபடி அடுக்கினேன். இம்முறை வண்டியை அலமாரியில் வைத்துவிட்டு நிலத்தை மட்டுமே ஐந்து வாரம் செய்தேன். வெந்நீரில் கலப்பை கழன்றபோது அரை மில்லிமீட்டர்க் கம்பி ஒன்று கழுவுதொட்டிக்குள் போய்விட்டது. அதற்குப் பதில் கிட்டார்க் கம்பி வைத்தேன். வலத் தூக்குக் கம்பி இப்போது குட்டை. ஆழச் சக்கரம் போய்விட்டது. தடத்தின் முனை வந்த வழியைக் காட்டுகிறது. வண்டி ஆறரைப் பாகை சாய்ந்து சாலில் நிற்கிறது.

எதிர்பாராத சிக்கல் ஓட்டுநரால் வந்தது. வண்டி சாய்ந்ததும் அவரும் வலப்பக்கம் விழப்போகிறவரைப் போலச் சாய்ந்துவிட்டார். இருக்கை சாய்ந்தாலும் மனிதன் நிமிர்ந்துதான் உட்காருவான் என்று அப்போதுதான் உறைத்தது. இடுப்பில் அறுத்து, ஆப்பு வடிவில் எம்-சீல் வைத்து நிமிர்த்தி, தலையை வலத்தோளுக்கு மேல் கலப்பையைப் பார்க்கும்படி திருப்பினேன். புதிய படங்களை இணைத்திருக்கிறேன்.

பனிவயல் எழுதியது:

இந்தப் படத்தை இங்குள்ள உழவுப் போட்டி நண்பர் ஒருவரிடம் காட்டினேன். மாதிரியா, படமா என்று கேட்கவில்லை. "மண் சற்று ஈரம் அதிகம், இன்னும் இரண்டு நாள் பொறுத்து உழுதிருக்கலாம்" என்றார்.

செம்பியத்தான் எழுதியது:

நன்றாக வந்திருக்கிறது, தம்பி. ஒன்று மட்டும். இருக்கைக்கு வலப்பக்கம் ஹைட்ராலிக் நெம்புகோல் மேலே தூக்கிய நிலையில் இருக்கிறது. அப்படியிருந்தால் கலப்பை காற்றில் தொங்க வேண்டும். உங்கள் கலப்பையோ மண்ணுக்குள் இருக்கிறது.

குட்டிப்பட்டறை எழுதியது:

பார்த்தேன், ஐயா. மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள நெம்புகோல். அரால்டைட் போட்டு ஒட்டியது. நாளை ஞாயிற்றுக்கிழமை, சாமணத்தையும் வெந்நீரில் நனைத்த பஞ்சையும் எடுத்து வைத்துவிட்டேன்.